இஞ்சின் எண்ணெயும் கிராணிக் கணக்கும்

தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் ஒருவருக்குப் படகு இஞ்சினைக் குறித்து எழுத என்ன யோக்கியதை இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயமும் உண்டு. சென்ற ஆண்டு வரையில் அந்த யோக்கியதை நமக்கு எள்ளளவும் இருந்ததில்லை. இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதுதான் விபரீதம். லிங்கி ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால், கரை கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத ஓரிடத்தில், இரண்டு சிறுவர்கள் உடனிருக்க, ஒரு விடியற்காலையில் அந்த எண்ணம் உடைந்து போயிற்று. அது உடைந்த விதத்தையும், அதன்பின் ஒரு சிறு டீசல் இஞ்சினுக்கு எண்ணெய் மாற்றும் வேலையை நம் தகப்பனாரிடம் கற்றுக்கொண்ட விதத்தையும் இங்கு எழுதத் துணிகிறோம்.

நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சனுக்கு உட்புறமாக அமைந்துள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றில் நாம் கிராணியாக இருக்கிறோம். நம் பாட்டனார் அதே வட்டாரத்தில் பால்மரம் சீவியவர். தகப்பனார் முதலில் பால் கொட்டகையில் உருளைகளைச் சுழற்றும் இஞ்சினையும், பின்னர் மின்சாரக் கம்பி வந்து சேரும் வரையில் லயங்களுக்கு விளக்கெரித்த இஞ்சினையும் ஓட்டியவர். முற்காலத்தில் இங்கிலீஷ் கற்ற யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளுமே பெரும்பாலும் அமர்ந்திருந்த கிராணி நாற்காலியில், லயத்திலிருந்து சென்று அமர்ந்த முதல் ஆள் நம் குடும்பத்தில் நாமே. அந்த நாற்காலிக்குரியவனுடைய சட்டை வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பது தகப்பனாருடைய பிடிவாதம். சிறு பிராயத்தில் அவருக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துச் சென்ற சமயங்களில் நாம் ஆசையோடு இஞ்சினைத் தொடப் போனால், கையைத் தட்டி விடுவார். "இந்தக் கறை சவுக்காரம் போட்டாலும் போவாது தம்பி. நீ பேனாவப் புடி" என்பார்.

நாமும் பேனாவையே பிடித்தோம். 2003ஆம் ஆண்டில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் இந்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டில் முதலாம் படிவத்தில் காலடி வைத்தவர்களுள் நாமும் ஒருவர். அதன்பின் சிரம்பானில் கணக்கியல் படித்ததும் ஆங்கிலத்திலேயே. 'விஸ்காசிட்டி' என்னும் சொல்லுக்கு இலக்கணம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் ஒரு துளி எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்து, அதன் பிசுக்கு இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நமக்கு முப்பது வயது கடந்தும் வரவில்லை. அந்தப் பரீட்சையில் தகப்பனார் ஒருநாளும் தவறியதில்லை. அவர் கையிலிருந்த பழைய லிஸ்டர் இஞ்சின், நிமிடத்துக்கு 650 சுற்றுக்கு மேல் போகாத சாதுவான பிராணி. அதன் 'டக் டக்' ஓசையில்தான் நாம் உறங்கி வளர்ந்தோம். அது நின்றால்தான் விழிப்போம்.

படகு வந்தது சில ஆண்டுகளுக்கு முன்னர். பள்ளி ஆசிரியர் ஒருவர், லாரி ஓட்டும் நண்பர் ஒருவர், நாம் ஒருவர், ஆக மூவர் கூடி, மீன்பிடிப் பொழுதுபோக்குக்காகப் பழைய மரப்படகு ஒன்றை வாங்கினோம். அதனுள் இரட்டை உருளை கொண்ட சிறு டீசல் இஞ்சின் ஒன்று இருந்தது. லாரி நண்பர் சுக்கான் பிடிப்பார், ஆசிரியர் தூண்டில் கட்டுவார், நமக்குக் கணக்கு. கணக்கு என்றால் வரவு செலவு மட்டுமன்று. இஞ்சின் ஓடிய மணிகள், டீசல் ஊற்றிய நாள், எண்ணெய் மாற்றிய நாள் ஆகியவற்றைக் கட்டங்கள் வரைந்த புத்தகம் ஒன்றில் எழுதி வைப்பதும், எழுதியபடி செய்வதும் நம் பொறுப்பு. எழுதுவதில் நமக்கு நிகர் நாமே என்று சொல்லிக்கொள்வதில் அந்நாளில் கூச்சம் இருந்ததில்லை.

கையேட்டின்படி நம் இஞ்சினுக்கு 100 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். முதல் நூறு மணி வந்தது. எண்ணெய் வாங்கினோம், ரசீதை ஒட்டினோம், ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுவது என்ற உறுதியோடு, சனிக்கிழமை இரவே மேசையில் அமர்ந்து, 'எண்ணெய் மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமும் இட்டோம். ஞாயிறன்று உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்று குறுக்கிட்டது. மறுவாரம் மழை. அதற்கடுத்த வாரம் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது, வேலை முடிந்துவிட்டதாக நம் கையெழுத்தே நமக்குச் சொல்லிற்று. அன்பர்கள் சிரிக்க வேண்டாம். தான் எழுதியதைத் தானே நம்பிவிடும் வியாதி எழுத்து வேலைக்காரர் பலருக்கும் உண்டு. இருநூறாவது மணியிலும் முந்நூறாவது மணியிலும் அவ்வாறே எண்ணெய் வாங்கப்பட்டது, எழுதப்பட்டது. டப்பா படகின் முன்பலகைக்கு அடியில் போடப்பட்டது.

இஞ்சினில் எண்ணெய் இருக்கிறதா என்று நாம் பார்க்காமலும் இல்லை. எண்ணெய் அளவைக் காட்டும் கம்பியை உருவிப் பார்ப்போம். அதில் மேற்கோடு ஒன்றும் கீழ்க்கோடு ஒன்றும் இருக்கும்; எண்ணெய் அவ்விரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். கடைசி இரண்டு மாதங்களில் அது மேற்கோட்டையும் தாண்டி நின்றது. குறையவேயில்லை, நல்ல இஞ்சின் என்று நாம் மகிழ்ந்து போனோம். ஊற்றாத எண்ணெய் எப்படி உயரும் என்ற கேள்வி, முழு மதிப்பெண் வாங்கிய அந்த மூளையில் உதிக்கவேயில்லை.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில், ஐந்து மணிக்கு லிங்கி ஆற்றுத் துறையிலிருந்து புறப்பட்டோம். லாரி நண்பருக்கு அன்று வெளியூர்ப் பயணம். சுக்கான் நம் கையில் இருந்தது. ஆசிரியரும், அவருடைய மகனும், நம் தமக்கையின் மகனும் உடன் வந்தனர். பையன்களுக்குப் பத்தும் பன்னிரண்டும் வயது. மிதவைச் சட்டை இருவருக்கும் அணிவித்திருந்தோம். அந்த ஒன்றையாவது எழுதியபடி செய்திருந்தோம். முகத்துவாரத்தைக் கடந்து அரைமணி சென்றபின், வடமேற்கே தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கின் ஒளி சிறு புள்ளியாகச் சுழன்றுகொண்டிருந்தது. இஞ்சினின் ஓசையில் ஒரு தட்டல் கலந்தது. யாரோ உள்ளிருந்து சுத்தியால் மெல்லத் தட்டுவது போன்ற ஓசை. வேகத்தைக் குறைத்தோம், தட்டல் குறையவில்லை. சற்று நேரத்தில் இஞ்சின் இழுத்து இழுத்து முனகி, ஒருமுறை குலுங்கி நின்றது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தோம். பாறையைச் சுற்றுவது போல் இருந்தது.

அப்பொழுதுதான் மேற்கே பார்த்தோம். சுமத்ராப் பக்கத்திலிருந்து வானம் கறுத்துத் திரண்டு வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் இக்கரையில் வசிப்போருக்கு அந்தக் கறுப்பு எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. இரவில் மலாக்கா நீரிணையின் மேல் திரண்டு, விடியும் நேரத்தில் நம் கரை மேல் பாயும் காற்றும் மழையும் அது. சுமத்ராக் காற்று என்றே பெயர். கால்மணி நேரத்தில் அலை எழுந்தது. படகு குறுக்காகத் திரும்பி உருண்டது. ஆசிரியர் நங்கூரத்தை இறக்கினார். நாம் பையன்களை இஞ்சின் பெட்டியின் மறைவில் அமர்த்திப் பிடித்துக்கொண்டோம். தமக்கையின் மகன், "மாமா, இஞ்சினு எப்பப் போவும்?" என்று கேட்டான். அவன் பல் கிட்டிப் போயிருந்தது. பதில் சொல்ல நா எழவில்லை. அந்த ஒருமணி நேரத்தைக் குறித்து இதற்கு மேல் எழுத நமக்கு விருப்பமில்லை.

மழை சற்று ஓய்ந்ததும் மலாய் மீனவர் ஒருவர், தம் சிறு படகில் வலையேற்றிக்கொண்டு கரை திரும்பும் வழியில் நம்மைக் கண்டு அருகே வந்தார். அறுபது வயதிருக்கும். கயிறெறிந்து கட்டி, ஒன்றரை மணி நேரம் இழுத்துச் சென்று துறையில் விட்டார். டீசல் செலவுக்காவது பெற்றுக்கொள்ளும்படி பணத்தை நீட்டினோம், கையசைத்து மறுத்துவிட்டார். பின்பு நம் படகில் ஏறி, "மின்யாக் ஹித்தாம் பிலா துக்கார்?" என்று கேட்டார். மின்யாக் ஹித்தாம் என்றால் கறுப்பெண்ணெய். டப்பாவில் தேன் நிறத்தில் இருக்கும் புது எண்ணெய்க்கும் இந்நாட்டில் அதுவே பெயர். கறுப்பெண்ணெயை எப்பொழுது மாற்றினீர் என்பது அவர் கேள்வி. நாம் வாய் கூசாமல், போன மாதம் என்றோம். அவர் கம்பியை உருவினார்; பார்த்தார்; முகர்ந்தார்; தம் தோள் துண்டில் துடைத்துத் திரும்பச் செருகினார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அன்று மாலையே தகப்பனாரிடம் சென்றோம். அவர் இப்பொழுது சிரம்பானுக்கு அருகில் குறைந்த விலை வீடொன்றில் நம் தம்பியோடு வசிக்கிறார். எழுபதைத் தொட்ட வயது. இஞ்சின் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னோம். மறுநாட்காலை கைத்துணியும், கண்ணாடியும், பழைய ஸ்பேனர் பையுமாகத் துறைக்கு வந்து நின்றார். கடலில் ஓடும் இஞ்சினில் அவர் அதுவரையில் கை வைத்தவர் அல்லர். இருந்தாலும் என்ன? டீசலுக்குத் தரையென்றும் தண்ணீரென்றும் தெரியாது என்றார்.

அவர் முதலில் கேட்டது ஸ்பேனர் அன்று. ஒரு வெள்ளைத் தாள். அவசரத்தில் நாம் கிழித்துக் கொடுத்தது படகுக் கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாள். கம்பியின் நுனியிலிருந்து ஒரு துளி எண்ணெயை அதன்மேல் விட்டு, வெயிலில் வைத்துவிட்டு, வெற்றிலை போட அமர்ந்தார். துளி மெல்லப் பரவிற்று. நடுவில் மைபோல் கறுத்த வட்டம். அதைச் சுற்றிலும் அகன்று செல்லும் மஞ்சள் நிற ஈர வளையம். அந்த வெளி வளையம் டீசலாம். எண்ணெய்த் தொட்டிக்குள் டீசல் கசிந்து இறங்கி, எண்ணெயை நீர்க்கச் செய்திருந்தது. டீசலை இழுத்துத் தரும் சிறு பம்பினுள் உள்ள ரப்பர்ச் சவ்வு கிழிந்திருந்ததைப் பிற்பாடு பட்டறையில் கண்டார்கள். அளவு மேற்கோட்டைத் தாண்டி நின்றதன் காரணம் அதுவே. நம்மை மகிழ்வித்தது இஞ்சினுக்கு விஷமாக இருந்திருக்கிறது.

எண்ணெயின் வேலை என்னவென்று நாம் பள்ளியில் படித்தது உண்மைதான். சுழலும் தண்டுக்கும் அது அமரும் பேரிங்குக்கும் நடுவே, தலைமயிரை விட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று, இரும்பும் இரும்பும் தொடாமல் காக்கிறது. டீசல் இஞ்சினில் தீப்பொறி இடும் கருவி கிடையாது. காற்றை நசுக்கி நசுக்கிச் சூடேற்றி, அச்சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஆதலின் அழுத்தம் அதிகம், புகைக்கரியும் அதிகம். அக்கரியில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே எண்ணெயில் இறங்கும். எண்ணெயில் கலந்துள்ள மருந்துப் பொருள்கள் கரியைக் கட்டிபடவிடாமல் மிதக்க வைக்கின்றன. எரிபொருளின் கந்தகத்தால் உண்டாகும் புளிப்பையும் முறிக்கின்றன. அம்மருந்து தீர்ந்துபோகும் பொருள். எண்ணெய் கறுத்துவிட்டது என்பதற்காக மாற்றுவதில்லை. மாற்றிய மறுநாளே டீசல் இஞ்சினில் எண்ணெய் கறுத்துவிடும். மருந்து தீர்ந்திருக்கும் என்பதற்காகவே மணிக்கணக்கு வைத்து மாற்றுகிறோம். அந்த மணிக்கணக்கைத்தான் நாம் அழகான எழுத்தில் எழுதி வைத்திருந்தோம்.

புது எண்ணெய் இருக்கிறதா என்று தகப்பனார் கேட்டார். நாம் வாயைத் திறக்குமுன் முன்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டார். மூன்று டப்பாக்கள், மூடியின் முத்திரை பிரிக்கப்படாமல், உப்பு படிந்து நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வரிசையாக வைத்தார். புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் தேதியும் கையெழுத்தும் தெரியும். எழுத்தின் மேல் விரல் வைத்து மூன்றிடங்களைத் தொட்டுக் காட்டினார்.

"வாங்கின கணக்கு சரியாத்தான் இருக்கு. இஞ்சினுக்குத் தெரியலையே" என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. படகுப் புத்தகத்தை விட நம்மை வாட்டியது காரியாலயத்தில் உள்ள வேறொரு புத்தகம். தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடிக்கும் பெண்கள் பதினொருவர். நால்வர் தமிழர், மற்றவர் இந்தோனேசியர். அவர்களுக்குக் கையுறையும், முகமூடியும், முகமூடியில் பொருத்தும் வடிகட்டியும் கொடுத்ததாகப் பதிந்து வைக்கும் புத்தகம் அது. மாதத்தின் முதல் நாளே முழு மாதத்துக்கும் எழுதிவிடுவது நம் வழக்கம். வேலை சுருக்கமாக முடியும் அல்லவா? செவ்வாய்க்கிழமை காலை, பெரட்டு கலையுமுன் மருந்துக் கொட்டகைக்குச் சென்றோம். நம்மை அங்கே கண்டதே அவர்களுக்கு வியப்பு. வயதான அம்மாள் ஒருவர், "பழசயே கழுவிக் கழுவிப் போட்டுக்கிறோம் சார்" என்று வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். கழுவக்கூடாத பொருள் அது. கழுவினால் பயன் போய்விடும். புது வடிகட்டிகள் ஸ்டோரில், நம் மேசைச் சாவியின் ஆதீனத்தில், உறை பிரிக்காமல் இருந்தன. அன்றே எடுத்துக் கொடுத்தோம். முன்கூட்டி எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, அடித்ததற்குக் காரணமும் எழுதி, துரையிடம் கையொப்பம் கேட்டோம். அவர் முகம் சுளித்தார், ஆனாலும் இட்டார்.

படகுக்கு வருவோம். லுக்குட்டில் உள்ள சீனர் பட்டறை ஒன்றில் இஞ்சினைப் பிரித்துத் தண்டைக் கடைந்து, புதுப் பேரிங்குகள் போட்டுத் தந்தார்கள். இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி ஆயிற்று. புதுப் பேரிங்கு படிவதற்காக, ஐம்பது மணி ஓட்டத்தில் முதல் எண்ணெயை மாற்றிவிட வேண்டும் என்றார்கள். அந்த ஐம்பதாவது மணிக்குத் தகப்பனார் மீண்டும் வந்தார். தாம் செய்வதற்கு வரவில்லை, பார்ப்பதற்கே வந்தேன் என்றார். பார்க்கவும் செய்தார், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொறுமையிழந்து கையை நீட்டவும் செய்தார்.

முதலில் இஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். சூடேறிய எண்ணெய் இளகி ஓடும். அடியில் படிந்த அழுக்கும் அதனோடு எழுந்து வரும். குளிர்ந்த எண்ணெயை எடுத்தால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். அடுத்து வந்தது தொல்லை. தோட்டத்து இஞ்சின் சிமெண்டு மேடைமேல் நிற்கும். அடியில் வாளியை வைத்துத் திருகாணியைக் கழற்றினால் எண்ணெய் முழுவதும் இறங்கிவிடும். படகிலோ இஞ்சினின் அடிவயிறு படகின் அடிமரத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. திருகாணி இருக்கிறது, ஆனால் அங்கே கை போகாது, போனாலும் வாளி போகாது. தகப்பனார் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சவன் ஒருநாளும் எண்ண மாத்துனவனில்ல" என்றார். படகு கட்டுவோர் இவ்வாக்கை மனத்தில் வைப்பார்களாக. அளவுக்கம்பி செருகும் துளை வழியாக மெல்லிய குழாயை அடிவரைக்கும் விட்டு, கைப்பம்பினால் உறிஞ்சி எடுப்பதே இங்கு வழி. குழாயின் நுனி அடியைத் தொட்டதும் ஒரு நூல் தூக்கிப் பிடிக்க வேண்டும்; இல்லையேல் நுனி தொட்டியின் தகட்டோடு ஒட்டிக்கொண்டு காற்றைத்தான் இழுக்கும். இதை நாம் கண்டுபிடிக்கக் கால்மணி ஆயிற்று.

எடுத்த எண்ணெயை அளந்து பார்க்கச் சொன்னார். இரண்டரை லிட்டர் ஊற்றியிருந்தோம். ஏறத்தாழ அதே அளவு வந்தது. முந்தைய முறை, இஞ்சின் இறுகிய மறுநாள், அதே தொட்டியிலிருந்து மூன்று லிட்டருக்கு மேல் வந்திருந்தது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் நேராக நிற்க வேண்டும் என்பது எந்தக் கிராணிக்கும் புரியும் சூத்திரம். கூடியிருந்தால் டீசலோ தண்ணீரோ புகுந்திருக்கிறது. தண்ணீராயின் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருக்கும். குறைந்திருந்தால் எரிந்தோ ஒழுகியோ போயிருக்கிறது.

பில்டரைக் கழற்றுமுன் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை உறைபோல் மாட்டிக்கொண்டால், வழியும் எண்ணெய் படகின் அடியில் சிந்தாது. இது நம்முடைய யோசனை. தகப்பனார் தலையாட்டி ஒப்புக்கொண்டார். பழைய பில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நின்றதை அறியாமல் புதியதைப் பூட்டினால் இரண்டு வளையங்களுக்கு நடுவே எண்ணெய் பீறிட்டுவிடும். புதியதன் வளையத்தில் ஒரு விரல் எண்ணெய் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. அதற்குமேல் ஸ்பேனர் போட்டு இறுக்குவது பலசாலிகளின் மூடத்தனம்.

புது எண்ணெய் எது என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் சிறு வழக்கு நடந்தது. நாம் வாங்கியிருந்தது 15டபிள்யூ-40. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. குளிரில் பதினைந்தின் இளக்கமும், சூட்டில் நாற்பதின் கனமும் காட்டும் எண்ணெய் அது. "நம்ம ஊர்ல குளிர்காலம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் ஆயுள் முழுவதும் ஊற்றியது வெறும் நாற்பது. அவர் கேள்வியில் குற்றமில்லை. எனினும் கையேட்டில் உள்ளது இது. டப்பாவின் முதுகில் சி எழுத்தில் தொடங்கும் தரக்குறி இருந்தால் டீசலுக்கு ஏற்றது, எஸ் எழுத்து பெட்ரோலுக்கு உரியது என்று படித்துக் காட்டினோம். சரி, உன் படிப்பை ஊற்று என்றார்.

டீசல் கசிந்தது குறித்து அவருக்கு ஒரு செய்தியும் சொன்னோம். 2011ஆம் ஆண்டில் நம் மாநிலத்தையும் உள்ளிட்ட மத்திய வட்டாரத்தில், டீசலில் நூற்றுக்கு ஐந்து பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலக்கத் தொடங்கினார்கள். 2019இல் வாகன டீசலில் அதைப் பத்துப் பங்காக்கினார்கள். சாதாரண டீசல் எண்ணெய்த்தொட்டியில் இறங்கினால் சூட்டில் ஓரளவு ஆவியாகிப் போகும். இக்கலப்போ எளிதில் ஆவியாகாமல் தங்கி எண்ணெயை நீர்க்க வைக்கும். நாம் நாள்தோறும் எடைபோட்டுக் கணக்கெழுதி அனுப்பும் பழக்குலைகள், இவ்விதம் சுற்றிக்கொண்டு நம் இஞ்சினுக்கே வந்து சேருகின்றன. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் டீசல் இஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்றதும் தகப்பனார் நம்பவில்லை. இஞ்சினை ஆக்கிய ருடால்ப் டீசல் 1913இல் கப்பலில் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் கடலில் மறைந்துபோன கதையையும் சொன்னோம். அவர் சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். டீசலின் முதல் இஞ்சின் ஆளைவிட உயரமானது. அதைச் சிறுத்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானியரான யமஓகா மகோகிச்சி. 1932இல் ஜெர்மனி சென்று பார்த்துவந்து, 1933இல் உழவரும் மீனவரும் ஆளக்கூடிய சிறு டீசல் இஞ்சினைச் செய்துவிட்டார். யன்மார் என்னும் பெயர் அவர் மொழியில் தும்பியின் பெயரையொட்டி வைத்ததாம். பெரிய கப்பல்களில் எண்ணெயை ஓயாமல் சுத்தி செய்யப் பொறிகளும், அவற்றைக் காக்கப் பொறியாளரும் உண்டு. சிறு இஞ்சின் ஏழையின் கைக்கு வந்தபோது அந்த வேலையும் அவன் கைக்கே வந்தது.

எண்ணெயை ஊற்றி மூடியபின், நிறுத்தும் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடியே சிலமுறை சுற்றவிட்டு, புது பில்டர் நிரம்பியபின் இஞ்சினை எழுப்பினோம். எண்ணெய் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது. இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளவு பார்த்தோம். பில்டர் குடித்த அளவுக்குக் குறைந்திருந்தது. அதை ஊற்றி நிரப்பினோம். மேற்கோட்டுக்கு ஒரு நூல் கீழே.

எஞ்சியது பழைய எண்ணெய். தகப்பனார் காலத்தில் அதைக் கறையானுக்குப் பகையாக வேலிக்கால்களில் பூசுவார்கள். துறையில் சிலர் இருட்டியபின் ஆற்றிலேயே சாய்த்துவிடுவார்கள். இந்த ஓரிடத்தில்தான் நம் படிப்பு உதவிற்று. கடலிலும் ஆற்றிலும் எண்ணெய் விடுவதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் தடுக்கிறது. 2005ஆம் ஆண்டு விதிகளின்படி, பழைய எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்னும் எண் பெற்ற அபாயக் கழிவு. தோட்டத்து டிராக்டர் எண்ணெயைப் பீப்பாயில் அடைத்து, தேதி ஒட்டி, 180 நாட்களுக்குள் அனுப்பும் கணக்கு நம் மேசையில்தான் இருக்கிறது. அபாயக் கழிவுகளைத் தீர்ப்பதற்கென்று அமைந்த நிலையமும் இம்மாநிலத்திலேயே, புக்கிட் நானாசில், 1998 முதல் இயங்கி வருகிறது. தோட்டத்துப் பீப்பாயில் சொந்த எண்ணெயைக் கலப்பது முறையன்று. ஆதலால் லுக்குட்டுப் பட்டறையில், உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துச் செல்லும் பீப்பாயில் சேர்த்தோம். பழைய எண்ணெய் தோலில் ஓயாமல் படிந்தால் புற்றுநோய்க்கும் இடமுண்டு என்று சொல்லித் தகப்பனாருக்கும் கையுறை கொடுத்தோம். முப்பது ஆண்டுகள் வெறுங்கையால் துழாவியவர், கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பவே ஒருத்தன் சொல்லியிருக்கலாம்" என்றார்.

நண்பர்கள் இருவரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். ஆசிரியர் வெகுநேரம் பேசவில்லை. அவர் மகனும் அல்லவா படகில் இருந்தான். பட்டறைச் செலவு முழுவதையும் நாமே ஏற்றோம். கணக்கு வேலையை லாரி நண்பரிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம், நீரே வைத்துக்கொள்ளும், ஆனால் புத்தகம் வீட்டு மேசையில் இருக்க வேண்டாம், படகில் இருக்கட்டும் என்றார் ஆசிரியர். இப்பொழுது அது இஞ்சின் பெட்டியின் மூடிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. ஓரமெல்லாம் எண்ணெய்க்கறை. நம் எழுத்தும் முன்போல் அழகாக இல்லை.

தமக்கையின் மகன் இன்னும் படகில் ஏற மறுக்கிறான். துறைவரைக்கும் வருகிறான், பலகைமேல் அமர்ந்து கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, அளவுக்கம்பியைத் துடைத்துத் தருகிறான். அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு இன்னும் 31 மணி ஓட்டம் பாக்கி. தகப்பனார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.